சாமி மக்களைப் பார்க்க எங்கே போவது: டிரொம்சோவா, யோக்மொக்கா, கௌதொகெய்னோவா, இனாரியா?

வடக்கு ஸ்வீடனில் லூலியோ என்ற ஊரில் ஏழு வருடமாக இருக்கிறேன். அதனால் செப்டம்பர் பிறந்தால் போதும், ஒரே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து வரும். "குளிர்காலத்துல அந்தப் பக்கம் வரோம், மான் வளர்க்கிறவங்களைப் பார்க்கணும், எந்த ஊருக்கு டிக்கெட் போடட்டும்?" இந்த வருடம் மூன்று பேர் கேட்டார்கள். ஐந்து வயதுப் பையனோடு வரும் கோயம்புத்தூர்த் தம்பதி, கையில் மொத்தம் ஐந்து நாள். ஜெர்மனியில் படிக்கும் ஒரு பையன், காசு குறைவு, தெம்பு அதிகம். அப்புறம் என் சித்தப்பா. பணி ஓய்வும் புதுக் கேமராவும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தவர், அவருக்கு மான் கூட்டம் இடம்பெயர்வதை "நிஜமா" பார்க்க வேண்டுமாம். மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் வலித்ததால் மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"சாமி பார்க்கப் போகிறேன்" என்று சித்தப்பா வீட்டில் சொன்னதற்குச் சித்தி "எந்தக் கோயில்?" என்று கேட்டாராம். சாமி என்பது அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். பழைய புத்தகங்களில் "லாப்" என்று இருக்கும், அது இழிசொல், வாயில் வர வேண்டாம். அவர்களுடைய நிலத்துக்குச் சாப்மி என்று பெயர். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என்று நான்கு நாடுகளுக்குள் கிடக்கிறது. ஒன்பது சாமி மொழிகள் இன்னும் பேசப்படுகின்றன, ஒன்று தெரிந்தவருக்கு மற்றது எல்லாம் புரியும் என்றில்லை. இன்னொன்று, இதைச் சொன்னால் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள்: சாமி மக்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் மான் வளர்ப்பில் இருக்கிறார்கள். மற்றவர்கள் ஆசிரியர், நர்ஸ், மீனவர், வக்கீல், ராப் பாடகர். ஆக "சாமி கலாச்சாரம்" பார்ப்பதும் "மான் வாழ்க்கை" பார்ப்பதும் ஒன்றல்ல. எது வேண்டும் என்று தெரியாமல் டிக்கெட் போட்டால் இரண்டும் கிடைக்காது. (ரெயின்டீரைத் துருவமான் என்கிறோம், கீழே சுருக்கமாக மான்.)

## எதை வைத்து அளப்பது

நான் முதலில் கேட்பது இதுதான்: நீங்கள் வராவிட்டாலும் அது நடக்குமா? சந்தை, மான் பந்தயம், பாட்டுப் போட்டி, நாடகம், இவையெல்லாம் ஒரு சுற்றுலாப் பயணிகூட எட்டிப் பார்க்காவிட்டாலும் நடக்கும். கூடாரத்தில் உங்களை உட்காரவைத்துக் கதை சொல்வது நீங்கள் டிக்கெட் வாங்கியதால் நடக்கிறது. பின்னது பொய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இரண்டும் வேறு. முதலாவதில் நீங்கள் ஓரமாக நிற்கிற ஆள், யாரும் உங்களைக் கவனிக்கப்போவதில்லை. இரண்டாவதில் நீங்கள்தான் விருந்தாளி.

அடுத்தது, பேசுவது யார், காசு யாருக்குப் போகிறது. அதற்கடுத்தது, மானைப் பார்க்கப் போகிறீர்களா, மான் வேலையைப் பார்க்கப் போகிறீர்களா. மானைப் பட்டியில் நின்று பார்க்கலாம், பத்து நிமிட வேலை. மான் வேலை என்பது காத்திருத்தல், ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) பெட்ரோல், ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை, ட்ரோன், வானிலை, வெட்டுக்கத்தி, தூக்கமில்லாத இரவு. அப்புறம் செலவு. டிக்கெட் விலையைச் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் சேர்கிற செலவு: உடுப்பு, கார், மூடிக்கிடக்கும் கடை, சைவச் சாப்பாடு.

## டிரொம்சோ: அரை நாள் மான் பட்டி

நார்வேயின் வடக்கில் இருக்கும் ஊர். பெரும்பாலானவர்கள் வந்து நிற்பது இங்கேதான், காரணமும் நியாயமானது. நேராக விமானம் இருக்கிறது, ஊருக்குள் பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும், அரை மணி நேரத்தில் பட்டி. மானுக்கு வாளியில் தீவனம் கொடுக்கலாம், காசு சேர்த்துக் கொடுத்தால் சறுக்குவண்டியில் ஒரு சுற்று, பிறகு லாவ்வு என்ற கூம்புக் கூடாரத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பீதோஸ் சாப்பாடு. பீதோஸ் என்பது மான் கறி, உருளை, கேரட், உப்பு போட்டு நிதானமாக வெந்த குழம்பு, நம் நாக்குக்கு மிளகுத்தூள் டப்பா தேவைப்படும். கடைசியில் ஒருவர் தன் குடும்பக் கதை சொல்லி, யோய்க் என்ற சாமி பாட்டைப் பாடுவார். யோய்க்கை ஒருவரைப் பற்றிய பாட்டு என்று சொன்னால் திருத்துவார்கள். அந்த ஆளையே பாடுவதுதான் யோய்க், "பற்றி" கிடையாது.

இதை நடிப்பு என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானே முதல் வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். பிறகு புரிந்தது. குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்து அது பனிமேல் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டால், கீழே இருக்கும் பாசியை மானால் தோண்டி எடுக்க முடியாது. அப்போது தீவனம் வாங்கிப் போட வேண்டும், அது சின்னக் காசில்லை. இப்படிப்பட்ட குளிர்காலங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. பட்டியில் நீங்கள் கொடுக்கிற காசு பல குடும்பங்களில் மந்தையைத் தக்கவைக்கிற காசு. பட்டியை நடத்துவது மான் வளர்க்கும் குடும்பம்தானா என்று மட்டும் பதிவு செய்யும் முன் பாருங்கள். குடும்பமே நடத்தினால் அதைப் பெருமையாக முதல் வரியிலேயே எழுதியிருப்பார்கள், எழுதவில்லை என்றால் யோசியுங்கள்.

மறைந்த செலவு இங்கே குறைவு. கனமான ஓவரால், பூட்ஸ் எல்லாம் பெரும்பாலும் அவர்களே தருகிறார்கள். சைவம் என்று முன்கூட்டியே எழுதினால் காய்கறி சூப் கிடைக்கும். ஆனால் டிரொம்சோவில் விடுதி விலை குளிர்காலத்தில் ஏறிக்கிடக்கும், ஆளுக்கு ஆயிரம் குரோனருக்கு மேல் போகும் பட்டி டிக்கெட்டைவிட இரண்டு இரவு அறை வாடகைதான் கடிக்கும். ஒரு குரோனர் எட்டு ஒன்பது ரூபாய் என்று வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரி 6-ஐ ஒட்டிப் போங்கள். 1917-ல் அந்த நாளில்தான் எல்லை தாண்டிய முதல் சாமி மாநாடு டிரொண்ட்ஹெய்மில் கூடியது, அதுதான் இப்போது நான்கு நாட்டுக்கும் பொதுவான சாமி தேசிய நாள். டிரொம்சோவில் அந்த வாரம் முழுக்கக் கொண்டாட்டம். ஊரின் கடைத்தெருவிலேயே மான் பந்தயம், கயிறு வீசிக் கொம்பில் மாட்டும் போட்டி. பட்டியும் பார்க்கலாம், சாமி மக்கள் தங்களுக்காக நடத்துவதையும் பார்க்கலாம், இரண்டும் ஒரே ஊரில்.

குழந்தைக்கு ஒரு விளையாட்டு: மான் நடக்கும்போது காலிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும், குளம்பில்லை, தசைநார். அப்புறம் நடுக்குளிரில் கொம்போடு நிற்பது பெரும்பாலும் பெண் மான், கிடா கொம்பை அதற்குள் உதிர்த்திருக்கும். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வண்டி இழுக்கிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

## ரோவனியெமி: சாமிக்காக என்றால் வேண்டாம்

சுருக்கமாக முடிக்கிறேன். பின்லாந்துச் சட்டப்படி சாமி தாயகம் என்பது எனொன்தெகியோ, இனாரி, உத்ஸ்யோகி, சொதன்கூலாவின் வடக்குப் பகுதி. ரோவனியெமி அதற்குத் தெற்கே இருக்கிறது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் மான் வளர்ப்பு ஏறக்குறைய முழுக்கச் சாமி மக்களின் உரிமை. பின்லாந்தில் அப்படியில்லை, அந்தப் பகுதியில் குடியிருக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் யாரும் வளர்க்கலாம். ஆகவே ரோவனியெமியில் "மான் பண்ணை" என்றால் அது சாமி அல்லாத பின்லாந்து விவசாயக் குடும்பமாக இருக்கலாம், அதில் தப்பே இல்லை, நல்ல மனிதர்கள், நல்ல மான்கள். தப்பு எங்கே என்றால் சாமி அல்லாதவர் காக்தி மாதிரி ஒரு உடுப்பை மாட்டிக்கொண்டு, ஆர்க்டிக் கோட்டைத் தாண்டியதற்கு நெற்றியில் கரி பூசிச் "சடங்கு" செய்வதில். காக்தி என்பது அவர்கள் உடை. அதன் பின்னலையும் நிறத்தையும் பார்த்தே எந்த ஊர், சில சமயம் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள், அதைப் போய் ஃபேன்ஸி டிரஸ் ஆக்கினால் கோபம் வராதா? பின்லாந்து சாமி பாராளுமன்றம் இதற்கென்றே 2018-ல் சுற்றுலாவுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது.

கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டும், பையனுக்குச் சந்தோஷம் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள்.

## யோக்மொக்: பிப்ரவரிச் சந்தை

ஸ்வீடனில், என் ஊரிலிருந்து 170 கிலோமீட்டர், நான்கு தடவை போயிருக்கிறேன், ஆகவே இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு.

1605-ல் ஸ்வீடன் அரசன் ஒன்பதாம் கார்ல், வடக்கில் சந்தைத்திடல்கள் போடச் சொன்னான். அன்பினால் அல்ல. குளிர்காலத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூடினால் வரி வசூலிக்கலாம், தேவாலயத்துக்குள் தள்ளலாம். நானூறு வருடம் கழித்து அந்தச் சந்தை யாரைக் கட்டிப்போட வந்ததோ அவர்களுடையதாகவே ஆகிவிட்டது. பிப்ரவரியின் முதல் வியாழன் தொடங்கிச் சனி வரை, மூவாயிரம் பேர் கூட இல்லாத ஊருக்குள் பல்லாயிரம் பேர். மான்களை வரிசையாகக் கட்டி, காக்தி உடுத்த பெரியவர்களும் குழந்தைகளும் கூட்டத்துக்கு நடுவில் நடந்து போவார்கள். உறைந்த ஏரிமேல் பந்தயம். இரவில் கச்சேரி, உரையாடல், ஃபேஷன் ஷோ. ஒரு பக்கம் சாமி இளைஞர்கள் சுரங்கத்துக்கு எதிராகப் பதாகை பிடித்து நிற்பார்கள். பக்கத்திலிருக்கும் கால்லோக்கில் இரும்புச் சுரங்கத்துக்கு 2022-ல் ஸ்வீடன் அரசு அனுமதி கொடுத்தது, அது மான் பாதையின் நடுவில் விழுகிறது. இந்தச் சண்டையைப் பற்றிக் காதில் விழாமல் ஊர் திரும்பினால் நீங்கள் சந்தையில் சாக்ஸ் மட்டும்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கைவினைப்பொருள் வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை. டுவோஜி என்பார்கள்: மான் கொம்புக் கத்தி, மரக்கணுவில் குடைந்த குக்ஸி கோப்பை, வெள்ளீய இழை பின்னிய காப்பு. "சாமி டுவோஜி" என்ற முத்திரை இருந்தால் செய்தவர் சாமி. முத்திரையில்லாமல் இருபது யூரோவுக்குக் கிடைக்கும் கோப்பை எந்த நாட்டிலிருந்தும் வந்திருக்கலாம். நல்ல கத்தி பல ஆயிரம் குரோனா ஆகும், பேரம் பேசாதீர்கள், அது நம் ஊர்ச் சந்தை இல்லை. கத்தி வாங்கினால் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

ஊரில் ஆய்த்தே என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. சந்தைக்குள் விறைத்துப்போனவர்கள் சூடு காய உள்ளே நுழைந்து, மூன்று மணி நேரம் கழித்து வெளியே வருவார்கள், நானும் அப்படித்தான்.

இனி செலவு. அறை கிடைக்காது. ஒரு வருடத்துக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடும், ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டின் அறையை வாடகைக்கு விடுவார்கள், அதுவும் மலிவில்லை. பலர் தூரத்து ஊர்களில் தங்கி பஸ்ஸில் வருகிறார்கள். பட்டியில் ஓவரால் தருவது போல இங்கே யாரும் தர மாட்டார்கள், ஆனால் மைனஸ் முப்பது சாதாரணம். மூக்கு முடி உறைவது முதல் ஐந்து நிமிடத்தில் தெரியும், கைப்பேசி பேட்டரி நாற்பது சதவீதத்திலிருந்து நேராகச் செத்துவிடும். கம்பளி உள்ளுடை, நல்ல பூட்ஸ், இரண்டடுக்குக் கையுறை சேர்த்தால் விமான டிக்கெட்டில் பாதி. சில கடைக்காரர்கள் ஸ்விஷ் என்ற செயலியில்தான் காசு வாங்குவார்கள், அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும். கொஞ்சம் ரொக்கக் குரோனா வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இங்கே மான் வேலை பார்க்க முடியாது. மான் அலங்காரமாக வரும், அவ்வளவுதான். ஆனால் மான் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் வந்திருப்பார்கள். காபிக் கூடாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசலாம். முதல் தடவை நான் ஒரு பெரியவரிடம் "உங்களிடம் எத்தனை மான்?" என்று கேட்டுவிட்டேன். அவர் காபியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "மரத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம்" என்றார். அருகில் இருந்த பெண் சிரித்தபடி என்னிடம் சொன்னாள், உன் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய்.

## கௌதொகெய்னோ: ஈஸ்டர்

நார்வேயின் ஃபின்மார்க் மாகாணத்தில், கடலை விட்டுத் தள்ளிய உள்நாட்டு ஊர். சாமி மொழியில் குவோவ்தாகெயத்னு. இங்கே கடையில், பெட்ரோல் பங்கில், பள்ளியில் காதில் விழுவது வடக்குச் சாமி மொழிதான். மற்ற பெரும்பாலான இடங்களில் சாமி மக்கள் சிறுபான்மை, இங்கே நீங்கள்தான் சிறுபான்மை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் போவேன்.

ஈஸ்டர் ஏன் என்றால், குளிர்காலம் முழுக்க உள்நாட்டில் மேய்ந்த மந்தைகள் அதற்குப் பிறகு கடற்கரையை நோக்கிக் கிளம்ப வேண்டும், குடும்பங்கள் பிரிந்து போகும் முன் எல்லோரும் ஊரில் இருக்கிற கடைசி வாரம் அது. ஆகவே கல்யாணம், ஞானஸ்நானம், பிள்ளைகளின் உறுதிபூசுதல் எல்லாம் அப்போதுதான், வெள்ளிப் பதக்கங்கள் மின்னும் காக்தியோடு தெருவே திருவிழா. பனிச்சறுக்குக் கட்டையில் நிற்கும் ஆளை இழுத்துக்கொண்டு மான் ஓடும் பந்தயம் உண்டு, ஸ்னோமொபைல் பந்தயம் உண்டு. 1990 முதல் நடக்கும் சாமி கிராண்ட் பிரி பாட்டுப் போட்டியில் யோய்க்குக்குத் தனிப் பிரிவு. அரங்கம் முழுக்க ஊர்க்காரர்கள், தங்கள் பையனுக்குக் கத்துகிறார்கள், மொழி புரியாமலே எனக்குத் தொண்டை கட்டியது. 2024-ல் ச்சோஆர்வெமாத்தா என்று ஒரு கட்டடம் திறந்தார்கள், மான் கொம்பின் அடிப்பகுதிக்குப் பெயர் அது, கொம்பிலேயே உறுதியான பாகம். சாமி தேசிய நாடக அரங்கும், மேல்நிலைப் பள்ளியும், மான் வளர்ப்புப் பள்ளியும் ஒரே கூரையின் கீழ். மான் வளர்ப்பைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகள் பக்கத்து அறையில், நாடக ஒத்திகை இந்தப் பக்கம். "நவீன சாமி வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டடத்தைக் காட்டினால் போதும்.

ஈஸ்டர் மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையில் வரும் என்பதால் வெளிச்சம் தாராளம். இரவில் மைனஸ் இருபது, பகலில் வெயில் பனியில் பட்டுக் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

மறைந்த செலவுகளில் இந்த ஊர்தான் முதலிடம். நார்வேயில் ஈஸ்டர் என்றால் பெரிய வியாழன், புனித வெள்ளி, ஞாயிறு, திங்கள் எல்லாம் கடை அடைப்பு. நான் முதல் தடவை வியாழக்கிழமை மதியம் போய் இறங்கி, இரண்டு நாள் பிஸ்கட்டும் பெட்ரோல் பங்க் சாசேஜும் தின்றேன், அதுவும் நான் அசைவம். சைவம் என்றால் புதன்கிழமைக்குள் வாங்கிக் குவியுங்கள், ரெடிமிக்ஸ் உப்புமா கொண்டு வந்தால் இன்னும் நல்லது. அருகிலுள்ள பெரிய விமானநிலையம் ஆல்தா, அங்கிருந்து 130 கிலோமீட்டர், பஸ் குறைவு, விடுமுறையில் இன்னும் குறைவு. வாடகைக் கார் எடுத்தால் ஆணி டயர், பனியில் ஓட்டிய பழக்கம் இரண்டும் வேண்டும். அறையும் சொற்பம்.

காருக்குப் பழக்கமிருந்தால் இன்னும் 130 கிலோமீட்டர் தள்ளிக் காராஷோக் இருக்கிறது, நார்வேயின் சாமி பாராளுமன்றம் அங்கேதான், 1989 முதல். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் அண்டெர்ஸ் பௌல்சன் என்ற கிழவரின் மேளம் இருக்கிறது. சூனியம் செய்தார் என்று 1691-ல் அவரிடமிருந்து பிடுங்கி டென்மார்க் கொண்டுபோன மேளம், பிறகு வெகுகாலம் கடனாகக் கொடுத்து வைத்திருந்தார்கள், 2022-ல்தான் முழுதாகத் திருப்பித் தந்தார்கள். 331 வருடம்.

## இனாரி: எந்த மாதமும், எந்த அவசரமும் இல்லாமல்

திருவிழாத் தேதியோடு லீவு ஒத்துப்போகாதவர்களுக்குப் பின்லாந்தின் இனாரி. இவாலோ விமானநிலையத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஏரிக்கரையில் சீதா அருங்காட்சியகம், 2024-ல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருது இதற்குத்தான் கிடைத்தது. ஹெல்சின்கி தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாமி பொருட்கள் 2021-ல் இங்கே திரும்பி வந்தன. பின்லாந்து சாமி பாராளுமன்றம் கூடும் சயோஸ் கட்டடம் நடந்து போகும் தூரத்தில். இனாரி நகராட்சியில் மட்டும் மூன்று சாமி மொழிகள்: வடக்குச் சாமி, ஸ்கோல்ட் சாமி, அப்புறம் சில நூறு பேர் பேசும் இனாரி சாமி. இந்தக் கடைசி மொழி சாகப்போகிறது என்று எல்லோரும் கைகழுவியபோது, "மொழிக்கூடு" என்று மழலையர் பள்ளி தொடங்கிப் பிள்ளைகளிடம் அந்த மொழியில் மட்டும் பேசி மீட்டார்கள்.

அமைதியான ஊர், அமைதி பிடிக்காதவர்களுக்கு இரண்டாம் நாள் மதியமே சலிக்கும். மார்ச் கடைசியில் போனால் உறைந்த ஏரிமேல் மான் பந்தயம் நடக்கும், அப்போது சலிக்காது. சுற்றுவட்டாரத்தில் சாமி குடும்பங்கள் நடத்தும் மான் பட்டிகள் உண்டு, டிரொம்சோவைவிடக் கூட்டம் குறைவு, பேச நேரம் அதிகம். பஸ் இருக்கிறது, கார் இல்லாமல் சமாளிக்கலாம்.

## மான் வளர்க்கும் குடும்பத்தோடு சில நாள்: சித்தப்பாவின் கனவு

மான் வேலையை நிஜமாகப் பார்க்க வேண்டுமென்றால் வழி இது ஒன்றுதான், விலையும் இதற்குத்தான் அதிகம். ஃபின்மார்க்கில் சில குடும்பங்கள் ஏப்ரல் இடப்பெயர்ச்சியின்போது ஒரு சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஸ்னோமொபைலின் பின்னால் கட்டிய வண்டியில் மான்தோல்மேல் உட்கார்ந்து போவது, கூடாரத்தில் தூங்குவது.

சித்தப்பாவிடம் நான் சொன்னது: பகலில் பனி இளகினால் மந்தை புதையும், ஆகவே இரவில் மேல்பனி இறுகிய பிறகுதான் நகரும். சில இரவு இறுகாது. காற்று மாறினால் நிற்கும். கருவுற்ற பெண் மான்கள்தான் எப்போது கிளம்புவது என்று முடிவு செய்கின்றன, மேய்ப்பவர் பின்னால் போகிறார். "ஏழாம் தேதி இடப்பெயர்ச்சி" என்று யாராவது உறுதி கொடுத்தால் அவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். ஐந்து நாளில் நாலு நாள் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரலாம், திரும்பும் விமானத்தை மாற்றத்தக்க டிக்கெட்டாக வாங்க வேண்டும், மலை மீட்பையும் சேர்த்துக் காப்பீடு வேண்டும். கைப்பேசி சிக்னல் பல இடத்தில் இருக்காது. கழிப்பறை, நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அறுபது வயது முதுகுக்கு ஸ்னோமொபைல் வண்டி சும்மா விடாது.

உங்கள் செலவு மட்டுமல்ல, மானின் செலவும் இருக்கிறது. வசந்தத்தில் மான் எலும்பும் தோலும், வயிற்றில் குட்டி. ட்ரோனோ, பனிச்சறுக்கில் வரும் ஆளோ துரத்தி மந்தை கலைந்து ஓடினால், பல நாள் மேய்ந்து சேர்த்த கொழுப்பு அரை மணி நேரத்தில் போய்விடும். மே மாதம் குட்டி போடும் சமயம் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. சித்தப்பாவின் ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இதே வாழ்க்கையை ஜூன் கடைசி, ஜூலையிலும் பார்க்கலாம்: குட்டிகளுக்குக் காதில் கத்தியால் அடையாளம் வெட்டும் சமயம். சூரியன் மறையாத நாட்கள், வெப்பம் குறையும் நடுராத்திரியில் வேலை, பகலில் தூக்கம், கொசு மேகம் மாதிரி. குடும்பம் கூப்பிட்டால் மட்டும் போங்கள். வேலிக்கு வெளியே நில் என்றால் நிற்க வேண்டும், கயிற்றைப் பிடி என்றால் பிடிக்க வேண்டும். இலையுதிர்காலப் பிரிப்பும் அறுப்பும் அதேபோல. ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அன்றைக்கு வேறு எங்காவது போகலாம்.

## கோடைக்கு ஒரு வரி

ஜூலையில் நார்வேயின் காய்வுவோத்னாவில் ரித்து ரித்து என்ற விழா, 1991-ல் தொடங்கியது. மான் இல்லாத, மீன்பிடித்து வாழ்ந்த கடற்கரைச் சாமிகளின் ஊர் அது. "நாங்கள் நார்வேஜியர்" என்றே வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறையின் பிள்ளைகள் தங்கள் மொழியைத் தேடித் தொடங்கிய விழா. மற்ற நாட்டுப் பழங்குடிக் கலைஞர்களும் வருவார்கள். சொந்தக் கூடாரம் இருந்தால் செலவு மிகக் குறைவு, மழைக்கோட்டு மறக்காதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| இடம் | எப்போது | குறைந்தது எத்தனை நாள் | மான் வேலை தெரியுமா | நீங்கள் வராவிட்டாலும் நடக்குமா | கடிக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| டிரொம்சோ பட்டி | நவம்பர் முதல் ஏப்ரல் | அரை நாள் | மான் மட்டும் | இல்லை (பிப்ரவரி 6 வாரம் விதிவிலக்கு) | விடுதி |
| யோக்மொக் | பிப்ரவரி முதல் வியாழன் தொடங்கி | 3 | இல்லை, ஆட்கள் உண்டு | ஆம் | அறை, குளிர் உடுப்பு |
| கௌதொகெய்னோ | ஈஸ்டர் வாரம் | 4 | ஓரளவு | ஆம் | கார், கடையடைப்பு, சாப்பாடு |
| இனாரி | எப்போதும் | 2 | கொஞ்சம் | அருங்காட்சியகம், பந்தயம்: ஆம் | அதிகமில்லை |
| குடும்பத்தோடு | ஏப்ரல், ஜூலை, இலையுதிர் | 5 | முழுக்க | ஆம் | எல்லாமே |
| ரித்து ரித்து | ஜூலை | 3 | இல்லை | ஆம் | மழை |

## யாருக்கு என்ன சொன்னேன்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு டிரொம்சோ, பிப்ரவரி 6-ஐச் சுற்றி. ஐந்து வயதுப் பையனை மைனஸ் முப்பதில் சந்தை முழுக்க இழுத்துப் போவது கொடுமை, பட்டியில் வாளியைக் கையில் கொடுத்தால் அவன் உலகமே அதுதான். கடைத்தெருப் பந்தயம் பெரியவர்களுக்கு.

ஜெர்மனிப் பையனை யோக்மொக்கா ரித்து ரித்துவா என்று இரண்டு நாள் குழப்பி, கடைசியில் ரித்து ரித்து என்றேன், அவனிடம் கூடாரம் இருக்கிறது, கம்பளி உடுப்பு இல்லை. சந்தையும் பார்க்க வேண்டுமென்றால் லூலியோவில் என் வீட்டு சோபா இருக்கிறது, காலை பஸ்ஸில் போய் இரவு திரும்பலாம். மற்றவர்கள் என் சோபாவைக் கேட்க வேண்டாம்.

சித்தப்பாவுக்குக் குடும்பத்தோடு போகும் வழியைச் சொல்லவில்லை. முதல் வருடம் கௌதொகெய்னோ ஈஸ்டர், பிறகு கார் வைத்துக் காராஷோக் வழியாக இனாரி, மொத்தம் ஒன்பது நாள். அங்கே யாரையாவது பார்த்துப் பேசிப் பழகி, அவர்களாக "அடுத்த வருடம் வா" என்றால் அடுத்த வருடம் இடப்பெயர்ச்சி. முறைத்தார். முறைக்கட்டும். கார் ஓட்டப்போவது நான்தான், வடக்கு ஸ்வீடனில் சாலையோரக் கம்பத்தில் கறுப்புக் குப்பைப் பை கட்டியிருந்தால் பக்கத்தில் மந்தை இருக்கிறது, வேகத்தைக் குறை என்று அர்த்தம். அது தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

விசா பற்றி எல்லோரும் கேட்டார்கள்: மூன்று நாடும் ஷெங்கன், எந்த நாட்டில் இரவுகள் அதிகமோ அந்த நாட்டில் விண்ணப்பியுங்கள். யோக்மொக் என்று முடிவெடுத்தவர்கள் விசாவுக்கு முன்பே, இன்றைக்கே, அறை தேடுங்கள். வரும் பிப்ரவரிக்குக் கிடைக்காவிட்டால் அதற்கடுத்த பிப்ரவரிக்குப் போட்டு வையுங்கள்.